பதினெட்டுப் பேர் ஏறும் படகு

பைபர் படகில் கோளாறு எங்கே என்று தேடுகிறவனுக்கு முதலில் வேண்டியது காது, அடுத்தது மூக்கு. கண்ணுக்கு மூன்றாவது இடம்தான், ஏனென்றால் பெயின்ட் அடிப்பதே கண்ணை ஏமாற்றுவதற்காகத்தான்.

நாமக்கல்லில் பைபர் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் படகு வருவது அபூர்வம். லாரி கேபினுக்கு மேலே வைக்கும் காற்றுத் தடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பூங்காவில் குழந்தைகள் சறுக்கி விளையாடும் யானை ஆகியவைதான் அன்றாடப் பிழைப்பு. வருடத்துக்கு மூன்று நான்கு படகுகள் வந்தால் அதிகம். வந்தால் தூக்கம் போகும். மழைக்காலத்தில் மொட்டைமாடியில் ஒழுகும் இடத்தைத் தேடியவர்களுக்கும், மெக்கானிக் முன்னால் மட்டும் சத்தம் போடாமல் ஓடும் ஸ்கூட்டரை வைத்திருப்பவர்களுக்கும் என் பாடு புரியும். கீழே உள்ளவை எல்லாம் ஒரே படகைப் பற்றியவை. இரண்டு வாரத்துக்குள் நடந்து முடிந்தவை.

பேனா போதாதா?

பரமத்தி வேலூருக்கு மேற்கே காவிரிக் கரையில் ஒரு சிறிய துறை. அங்கே படகு விடுகிறவர் நாச்சிமுத்து. கோடையில் ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். ஊர்க்காரர்கள் நடந்தே அக்கரைக்குப் போய்விடுவார்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் படகுதான் வழி. அக்கரையில் வெற்றிலைக் கொடிக்கால்கள். தினமும் விடிவதற்குள் பதினெட்டுப் பெண்கள் வெற்றிலை கிள்ளப் போகிறார்கள். வெயில் ஏறிய பிறகு கிள்ளினால் இலை வாடும். பாலத்தைச் சுற்றிப் பஸ்ஸில் போனால் வெயிலோடுதான் போய்ச் சேர முடியும். ஆகவே படகு ஓடினால் பதினெட்டுப் பேருக்கும் வேலை, நின்றால் இல்லை.

துறைக்கான அனுமதியைப் புதுப்பிக்க, 'படகு உறுதியாக உள்ளது' என்று ஒரு பைபர் பட்டறையிலிருந்து கடிதம் வேண்டும். அதற்காகத்தான் நாச்சிமுத்து என்னைக் கூப்பிட்டிருந்தார். இருபத்திரண்டு அடிப் படகு. கடற்கரைப் பக்கம் இருபது வருடம் ஓடிக் களைத்ததை வாங்கி வந்திருந்தார். கரையில் ஏற்றி வைத்திருந்த படகு புது லாரி மாதிரி மஞ்சளும் சிவப்புமாகப் பளபளத்தது. பின்பக்கம் 'நீயும் நானும் ஒரே கரை' என்று எழுதியிருந்தது. நான் எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்த மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டேன். மழையில் நனைந்து மூலையில் கிடந்த சாக்கின் வாடை. பையிலிருந்து சிறிய சுத்தியலை எடுத்தேன். தாளை நீட்டியபடி நின்ற நாச்சிமுத்துவின் முகம் மாறியது.

"ஏனுங்ணா, எழுதித் தாரதுக்கு எதுக்குங்க சுத்தியலு? பேனா போதாதுங்களா?"

இரும்பு நகம்

பைபர் என்பது கண்ணாடி நூல் பாயைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டி இறுக வைத்தது. அடுக்குகள் ஒன்றோடொன்று நன்றாகப் பிடித்திருந்தால் தட்டும்போது 'டண்' என்று பதில் வரும். அடுக்கு பிரிந்திருந்தாலோ, அடியில் உள்ள மரம் கெட்டிருந்தாலோ 'தொப்' என்று வரும். முன்பக்கத்திலிருந்து ஒரு சாண் ஒரு சாணாகத் தட்டிக்கொண்டே வந்தேன். வேலை முடித்து ஆற்றை நடந்து கடந்து வந்த பெண்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். "படகுக்குக் காய்ச்சலுங்களா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் பாவாயி. அந்தப் பதினெட்டுப் பேரையும் வேலைக்கு அழைத்துப் போகிறவர் அவர்தான். இலையின் காம்பைக் கிள்ளுவதற்காகப் பெருவிரலில் மாட்டும் இரும்பு நகத்தை அவர் இன்னும் கழற்றவில்லை. என்னைக் கேட்காமலேயே, பின்பக்கத் தரையில் நடுக்கோட்டை ஒட்டி, அந்த நகத்தால் தட்டிப் பார்த்தார். என் சுத்தியலைவிட அது கூர்மையான சத்தம் கொடுத்தது. 'டண், டண்' என்று வந்துகொண்டிருந்தது ஓரிடத்தில் அடங்கிப்போனது. மறுபடி தட்டினார்.

"இந்த எடத்துல மட்டும் அழுகுன தேங்காயாட்டம் சத்தம் வருதுங்களே, ஏனுங்ணா?"

லாரிக்குக் கட்டியது போல

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ராசு வரவழைக்கப்பட்டார். நாச்சிமுத்துவின் மச்சினன், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர். போன வருடம் படகைப் பலப்படுத்தியது அவர்தான். 'தொப்' சத்தத்துக்குக் காரணம் தான் அங்கே கனமாகப் பூசிய பட்டிதான் என்றார். அப்படியும் இருக்கலாம். மேடுபள்ளம் மறையப் பூசும் பட்டியும் சத்தத்தை விழுங்கும். ஆனால் அவர் செய்த மற்ற இரண்டு காரியங்களைக் கேட்டதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

படகின் தரைக்கு அடியில், முன்னிருந்து பின்வரை, இரண்டு மரச் சட்டங்கள் உண்டு. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அவற்றின் மேல் பைபர் போர்த்தியிருக்கும். படகுக்கு முதுகெலும்பு அவைதான். ராசு தரையின் மேல் இரும்பு ஆங்கிளில் ஒரு சட்டகம் செய்து, அதைப் போல்ட் போட்டு அந்த மரங்களுக்குள் முறுக்கியிருந்தார். ஒவ்வொரு போல்ட்டும் மரத்துக்குள் தண்ணீர் இறங்க ஒரு வழி. இரண்டாவது காரியம் இன்னும் மோசம். உள்ளே குறுக்குத் தடுப்புகளின் அடியில் சிறு ஓட்டைகள் இருக்கும். உள்ளே வந்த தண்ணீர் அவற்றின் வழியே பின்பக்கம் ஓடிச் சேர்ந்தால்தான் பம்பு அதை வெளியேற்றும். லாரிப் பாடியில் ஓட்டை தெரிந்தால் மழை இறங்கிச் சரக்கு நனையும் என்று பழகிய கை; ராசு எல்லா ஓட்டைகளையும் பட்டி வைத்து அடைத்துவிட்டார். நான் இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆங்கிளின் மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினார்.

"இருவது டன்னு சுமக்கற பாடி கட்டறவனுங்க நானு. பதினெட்டுப் பொம்பளைங்களத் தாங்காதுங்களா என்ற ஆங்கிளு?"

எடை மேடை

வாதத்தில் ராசுவை வெல்ல முடியாது என்று தெரிந்தது. ஆனால் நாமக்கல்லில் சாலைக்குச் சாலை எடை மேடை இருக்கிறது. மறுநாள் எஞ்சினைக் கழற்றிவிட்டு, படகை ராசுவின் லாரியிலேயே ஏற்றி, என் பட்டறைக்குப் போகும் வழியில் ஒரு மேடையில் நிறுத்தினோம். காலி லாரியின் எடை முன்பே தெரியும். படகின் வெறும் எடை எண்ணூற்று ஐம்பது கிலோ என்று, செய்தவர்கள் பதித்த தகட்டில் இருந்தது. ஆங்கிள் நூற்று இருபது கிலோ, ராசுவே சொன்னது. பெயின்ட், பட்டி என்று தாராளமாகச் சேர்த்தாலும் ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. லாரியைக் கழித்து வந்தது ஆயிரத்து முந்நூற்றுப் பத்து.

ராசு இறங்கிப் போய்த் திரையைப் பார்த்தார். லாரியை முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி போடச் சொன்னார். அதே எண். தரைக்கு அடியில் மிதப்புக்காக நுரை அடைத்திருப்பார்கள். வயதான நுரை தண்ணீரைக் குடிக்கும். குடித்ததைத் திருப்பித் தராது. முந்நூறு கிலோவுக்கு மேல் எங்கேயோ உள்ளே உட்கார்ந்திருந்தது. மேடையில் எடை போடுகிறவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"ஏனுங்க, வெறும் படகுன்னு சொல்லிப்போட்டு ஆத்தையே அள்ளிட்டு வந்திருக்கறீங்க?"

இடப்பக்கம்

நுரையில் தண்ணீர் இருந்தால் படகு கனக்கும், அவ்வளவுதான். மரம் கெட்டிருந்தால் படகு உடையும். இரண்டில் எது என்று தெரிய மரத்துக்குள் துளை போட்டுத்தான் பார்க்க வேண்டும். "படகுல நீங்களே ஓட்ட போடறதுங்களா?" என்று நாச்சிமுத்து பதறினார். துளை மேலிருந்து மரத்துக்குள் மட்டும் போகும், அடித்தோலைத் தொடாது, பிறகு அடைத்துவிடுவேன் என்று பொறுமையாகச் சொன்னேன். அப்போது அவருடைய போன் அடித்தது. மேட்டூரில் அன்று காலை தண்ணீர் திறந்துவிட்டார்கள். இரண்டு நாளில் துறைக்குத் தண்ணீர் வந்துவிடும். "சீக்கிரம் போடுங்க" என்றார்.

இங்கே நான் செய்த தவறை மறைக்காமல் சொல்ல வேண்டும். டிரில்லின் ஒயர் இடப்பக்கம்தான் எட்டியது. அங்கே மூன்று துளைகள் போட்டேன். மூன்றிலும் காய்ந்த, வெளிறிய மரத்தூள் வந்தது. முகர்ந்து பார்த்தேன், நல்ல மர வாசனை. ராசு என் தோளைத் தட்டினார். நாச்சிமுத்து கண்கள் கலங்க, தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். எனக்கும் களைப்பு. அவர்களுடைய அவசரம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன். அன்று வேலைக்குப் போகாமல் அவர்களோடு லாரியில் வந்திருந்த பாவாயி, வாசலில் நின்றபடியே கேட்டார்:

"ஏனுங்ணா, அந்தப் பக்கம் பாக்கலீங்களா? நாங்க ரெண்டு பக்கமுந்தானுங்க உக்காருவோம்?"

வலப்பக்கம்

பேனாவை மூடிவிட்டு, பக்கத்துக் கடையில் நீள ஒயர் வாங்கிவந்தேன். வலப்பக்கத்தில் முதல் துளையில் டிரில்லைப் பிடித்து அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் இறங்கியது. முனையில் ஒட்டிக்கொண்டு வந்தது தூள் இல்லை. வடிகட்டியில் மிஞ்சும் டீத்தூள் போல் கறுத்த, ஈரமான சக்கை. டிரில்லை உருவியதும் துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் குமிழியிட்டு வழிந்தது. எடை மேடையில் பார்த்த ஆறு இதுதான். இரண்டாவது துளை, மூன்றாவது துளை, எல்லாம் அதே.

ஐந்து நிமிடம் முன்பு கையெழுத்துப் போட்டிருப்பேன். மேசைமேல் இருந்த தாளை மடித்து நாச்சிமுத்துவிடமே திருப்பிக் கொடுத்தேன். தரையைப் பிரித்து மரத்தை மாற்ற எட்டு நாள் ஆகும் என்றேன். ராசு, ஆங்கிள் இருக்கிறதே, மரம் போனால் இரும்பு தாங்கும் என்றார். நாச்சிமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டு நாள் அவருக்கு எட்டு வருடமாகத் தெரிந்திருக்க வேண்டும். துளைகளில் கட்டையை அடித்து இறுக்கிக் கொடுக்கச் சொன்னார். படகை மறுபடி லாரியில் ஏற்றச் சொன்னார். நான் குறுக்கே நின்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"கடுதாசி பொறவு வாங்கிக்கறனுங்ணா. நாளான்னிக்குத் தண்ணி வந்துருது. பதினெட்டு ஊட்டுலயும் ஒல பொங்கோணுமில்லீங்களா?"

மூட்டைக்கு ஒரு பெயர்

தண்ணீர் வருவதற்கு முந்தின நாள் காலை துறைக்குப் போனேன். எஞ்சினை மாட்டி, படகைக் கரையோரப் பள்ளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், கரையிலிருந்த மரத்தோடு கட்டியிருந்தார்கள். தடுப்பதற்கு எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: பெண்கள் ஏறுவதற்கு முன்னால் மணல் மூட்டைகள் ஏறட்டும். ஆளுக்கு ஒரு மூட்டை, பதினெட்டு மூட்டை. தாங்கினால் நான் போய்விடுகிறேன். நாச்சிமுத்து ஒத்துக்கொண்டார். பெண்களே சிமென்ட் சாக்கில் மணல் அள்ளிக் கட்டினார்கள். "இது மல்லிகா. இது அம்மணியக்கா. இது நானு" என்று மூட்டைக்குப் பெயர் வைத்தார்கள். "அம்மணியக்காளுக்கு இன்னும் ரெண்டு சட்டி போடு, ஆளு செரியா வரலை!" என்று சிரிப்பு.

நானும் நாச்சிமுத்துவும் படகுக்குள். ராசுவின் ஆங்கிள் நேராகத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. முன்னாலும் பின்னாலும் அது உறுதியான இடத்தில் பிடித்திருந்தது. நடுவில் போல்ட்டைப் பிடிக்க மரம் இல்லாமல் தரை இறங்கினால், இரும்புக்கும் தரைக்கும் இடையில் இடைவெளி தெரியும். அளக்க என்னிடம் மெல்லிய தகடு இல்லை. பாவாயி மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் கொடுத்தார். மூட்டை ஏறும் முன், இரண்டு பக்கமும் இரும்புக்கு அடியில் இலை நுழையவில்லை. ஐந்து மூட்டை ஏறியது. இடப்பக்கம் நுழையவில்லை. வலப்பக்கம் இலை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. எட்டு மூட்டையில் இரண்டாக மடித்த இலை போனது. பத்தாவதில் நான்காக மடித்தது. கரையில் சிரிப்பு நின்றுவிட்டது. பதினோராவது மூட்டை மல்லிகாவுடையது. அதை இறக்கி வைத்ததும் தரைக்கு அடியிலிருந்து, கரும்பை ஒடிப்பது போல ஒரு சத்தம். ஒன்றுதான். நாச்சிமுத்து மண்டியிட்டு, ஆங்கிளின் அடியில் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுசாகப் போனது. வெகுநேரம் அதை வெளியே எடுக்கவே இல்லை. பிறகு கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"போதும் சாமி. மல்லிகாளக் கீழ எறக்குங்க. அல்லாரையும் எறக்குங்க."

கரண்டி

மறுநாள் ஆறு நிறைந்து ஓடியது. படகு என் பட்டறையில் கிடந்தது. ராசு தன் வேலையை விட்டுவிட்டு நான்கு ஆட்களோடு வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. ஆங்கிளைக் கழற்றி ஓரமாகப் போட்டோம். தரையை அறுத்துத் தூக்கி, தண்ணீர் குடித்த நுரையை வெட்டி வெளியே போட்டோம். வலப்பக்க மரம் இருக்க வேண்டிய இடத்தில் பைபர் உறை மட்டும் இருந்தது. உள்ளே கறுப்புச் சேறு. உளி வேண்டியிருக்கவில்லை. ராசு ஒரு சோற்றுக் கரண்டியை எடுத்து அள்ளினார்.

இதற்கிடையில் பெண்கள் பஸ்ஸில் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். கொடிக்கால்காரர் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாவது நாள் அந்தக் கரையிலேயே ஆள் சேர்க்க ஆரம்பித்தார். ஒவ்வொரு நாளும் மாலையில் நாச்சிமுத்து வந்து, அன்று எத்தனை பேருக்கு வேலை போனது என்று சொல்லிவிட்டு, ஈரமாக இருக்கும் பிசினைத் தொட்டுப் பார்ப்பார். சீக்கிரம் இறுகட்டும் என்று, பிசினை இறுக்கும் மருந்தைக் கூடுதலாகக் கலக்கலாமா என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. கலந்தால் சூடேறி வெடிப்பு விழும். கலக்கவில்லை. புதிய மரமும் புதிய நுரையும் வைத்து, எட்டாவது நாள் தரையை மூடினோம். தடுப்புகளில் அடைத்திருந்த ஓட்டைகளை ராசுவே ஒவ்வொன்றாகத் திறந்து, தண்ணீர் ஊற்றி, அது பின்பக்கம் ஓடுகிறதா என்று பார்த்தார். அன்று சாயங்காலம், கை கழுவும்போது, நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"மாமா, அன்னிக்கு நானே அல்லாரையும் கையப் புடிச்சு ஏத்தி உட்டிருப்பேன்."

முதல் நடை

மறுபடி பதினெட்டு மூட்டை, மறுபடி இடுப்பளவுத் தண்ணீர். புதிய தரையின் இரு பக்கமும் முன்னிருந்து பின்வரை நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தேன், தரை மயிரிழை அளவும் இறங்கவில்லை. மூட்டைகளை இறக்கிவிட்டுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். 'பதினெட்டுப் பேர் வரை ஏற்றலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். அனுமதி வந்த மறுநாள் விடிகாலை முதல் நடை. துறையில் பதின்மூன்று பெண்கள்தான் நின்றார்கள். ஐந்து பேருடைய இடத்துக்கு அக்கரை ஆட்கள் வந்துவிட்டார்கள். மல்லிகாவும் அந்த ஐவரில் ஒருத்தி. வழியனுப்புவது போலக் கரையில் வந்து நின்றாள். பாவாயி அவளிடம், "எறங்குனதும் கொடிக்கால்காரருகிட்டப் பேசறேன் கண்ணு, ஊட்டுக்குப் போ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அஞ்சு எடம் காலியாக் கெடக்குதுங்க. கையெழுத்துப் போட்டவரு ஒண்ணுல வந்து உக்காருங்க" என்றார். அது வேண்டுகோள் இல்லை.

வலப்பக்கம், புதிய மரத்துக்கு நேர் மேலே, எனக்கு இடம் கொடுத்தார்கள். ஆறு செம்பழுப்பாக, கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. நடு ஆற்றில் ஒரு சுழல் படகை ஒருமுறை தூக்கிப் போட்டது. எனக்கு நீச்சல் தெரியுமா என்று அதுவரை யாரும் கேட்கவில்லை; தெரியாது என்று நானும் சொல்லவில்லை. இரண்டு கைகளாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன். தரை அசையவில்லை. சத்தம் இல்லை. அக்கரை மணலில் படகு தட்டி நின்றதும் பெண்கள் கூடைகளோடு இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய பாவாயி என் கைகளைப் பார்த்தார்.

"படகு நல்லாத்தானுங்க இருக்குது. நீங்கதானுங்ணா ஆடறீங்க."

பழைய படகின் உறுதியைச் சோதிக்க எத்தனையோ வழிகள் உண்டு என்றாலும், உறுதி என்று எழுதிக் கொடுத்தவனையே முதல் நடையில் உட்காரவைத்துப் பார்ப்பதுதான் அவற்றில் துல்லியமானது என்பதை, திரும்பி வரும் நடைக்காக அக்கரையில் காத்திருந்தபோது ஒத்துக்கொண்டேன்.